ஏழு தீவும் இரண்டு நாழிகையும்: ஊரிலிருந்து வருவோர்க்கு மும்பையைக் காட்டும் முறை

மே மாதம் பிறந்தால் போதும், மும்பைத் தமிழர் வீடுகளில் ஊர்க்காரர் வரவு தொடங்கிவிடும். தங்கை குடும்பம், மைத்துனர் குடும்பம், சித்தப்பா மகள், கூடவே இரண்டு பிள்ளைகள். ஒரு அறை வீட்டில் பத்துப் பேர் படுத்து எழுந்து, நான்கு நாள் ஊர் சுற்றிவிட்டுத் திரும்புவார்கள். அவர்களுக்கு நாம் எதைக் காட்டுகிறோம்? கேட்வே ஆஃப் இந்தியா, ஜூஹு, ஹாஜி அலி, சித்தி விநாயகர், ஏதாவது ஒரு பெரிய மால். பத்து வருஷம் கழித்துக் கேட்டால், "நல்ல கூட்டம், நல்ல புழுக்கம்" என்பது தவிர அவர்களுக்கு வேறு ஒன்றும் நினைவிராது. நானும் பல காலம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

1998 மே மாதம் என் தங்கை மகன், பத்து வயதுப் பையன், கேட்ட கேள்விதான் என்னை மாற்றியது. "மாமா, மும்பை தீவுன்னு எங்க புஸ்தகத்துல போட்டிருக்கு. சுத்தித் தண்ணி எங்க இருக்கு?" என்றான். முப்பது வருஷம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவர்களும் அங்கே இருந்தோம். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. தண்ணீரைக் காட்டுகிறேன் என்று மறுநாள் அவனை பாந்த்ரா பாண்ட்ஸ்டாண்ட் பாறைகளுக்கு அழைத்துப் போனேன். அங்கே நடந்ததைப் பின்னால் சொல்கிறேன். அன்று முதல் தேடிப் படித்ததையும், நடந்து பார்த்ததையும், கோலி மக்களிடம் கேட்டதையும் இங்கே தொகுத்துத் தருகிறேன். நான் கல்லூரிப் பண்டிதன் அல்லன், கல்லாப்பெட்டி முன் உட்கார்ந்து படித்தவன். குறையிருந்தால் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

தீவுகள் எங்கே போயின?

இன்று கொலாபாவிலிருந்து மாகிம், சயான் வரை ஒரே நிலமாகத் தெரிவது முன்பு ஏழு தீவுகள். கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மஜ்காவ், பரேல், ஒர்லி, மாகிம் என்று அவற்றைச் சொல்வார்கள். நடுவே இருந்தவை உப்பங்கழிகள். ஏற்றத்தில் கடல் உள்ளே புகும், வற்றத்தில் சேறு தெரியும். 1534இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா இவற்றைப் போர்த்துக்கீசியருக்குக் கொடுத்தார். 1661இல் போர்த்துக்கீசிய இளவரசி காதரினுக்கும் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்கும் ஏற்பட்ட திருமண உடன்படிக்கையில் பம்பாய் சீதனமாகப் போனது. 1668இல் மன்னர் அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்கு விட்டார். இந்த ஊரில் ஒரு கடைக்குப் பகடி கொடுத்தவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விடலாம்!

தீவுகளை ஒட்டவைத்த வேலையில் பெரியது ஹார்ன்பி வெல்லார்டு. ஒர்லிக்கும் பம்பாய்த் தீவுக்கும் இடையே கடல் புகுந்த வாயை, 1780களில் கவர்னர் வில்லியம் ஹார்ன்பி காலத்தில் அணை கட்டி அடைத்தார்கள். மகாலட்சுமி, ஹாஜி அலி பக்கம் இன்று நாம் போகும் சாலை அந்த அணையின் மேல்தான் இருக்கிறது. அதன் பிறகே உள்ளே இருந்த சதுப்பு காய்ந்து, பைகுல்லா பக்கம் மக்கள் குடியேற முடிந்தது. 1805க்குள் சயான் கரைப்பாலம் முடிந்து சால்செட் தீவோடு தொடர்பு வந்தது. 1838இல் கொலாபாவும் சாலையால் இணைந்தது. 1845இல் மாகிம் கரைப்பாலம் திறந்தது. இதற்கு ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவி ஆவாபாய் 1,57,000 ரூபாய் கொடுத்தார். யாரிடமும் சுங்கம் வாங்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. அந்த அம்மையாரின் பெயரைத்தான் நாம் தினமும் 'எல்.ஜே. ரோடு' என்று பாதியாக்கிச் சொல்கிறோம். கொடுத்தவர் பெயரைப் பிள்ளைகளுக்கு முழுதாகச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை.

நம் பேட்டைகளிலேயே தொடங்கலாம்

விருந்தாளியை டாக்சியில் ஏற்றித் தெற்கு மும்பைக்கு ஓட வேண்டியதில்லை. தமிழர் வாழும் பேட்டைகள் தீவின் விளிம்பில்தான் இருக்கின்றன.

முதலில் சயான் கோட்டை. சயான் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். சிறிய குன்று, மேலே இடிந்த சுவர்கள். 1669க்கும் 1677க்கும் இடையில் கட்டினார்கள். கம்பெனியின் பம்பாய் இங்கே முடிந்தது. அக்கரையில் இருந்த சால்செட் போர்த்துக்கீசியருடையது. சயானை மராட்டியில் 'ஷீவ்' என்பார்கள், எல்லை என்று பொருள். 'சீமா' என்ற சொல்லின் வழி வந்தது. நம் 'சீமை'யும் அதே குடும்பம்தான். மேலே நின்று கிழக்கே பாருங்கள், தாழ்ந்த நிலமும் உப்பளப் பகுதியும் கழியின் போக்கும் தெரியும். தங்கை மகன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஏற்ற இடம் அதுதான்.

அடுத்தது தாராவி. காலா கில்லா என்ற பெயரில் பஸ் டிப்போ இருக்கிறது, பஸ் நிறுத்தம் இருக்கிறது. ஆனால் 'கறுப்புக் கோட்டை' எங்கே என்று கேட்டால் அங்கேயே பிறந்தவர்கள்கூட விழிப்பார்கள். வீடுகளுக்கு நடுவே மறைந்து நிற்கிறது. ரீவா கோட்டை என்பது அதன் மற்றொரு பெயர். கவர்னர் ஜான் ஹார்ன் பெயரும் 1737 என்ற ஆண்டும் பொறித்த கல் அதன் சுவரில் உண்டு. ஏன் 1737? அந்த ஆண்டுதான் மராத்தியர் சால்செட் தீவின் மீது படையெடுத்துப் போர்த்துக்கீசியரை விரட்டத் தொடங்கினார்கள். அக்கரையில் சண்டை. இக்கரையில் கம்பெனிக்குப் பயம். அந்தப் பயத்தில் எழுந்த காவல் கோட்டை இது. மித்தி நதியின் கழி அன்று அகலமாக இருந்தது. இன்று தூர்ந்தும் தூர்த்தும் சுருங்கிவிட்டது.

தாராவி என்றதும் 'குடிசை' என்று மட்டும் சொல்லி ஊர்க்காரரை அழைத்துப் போகாதீர்கள். அது பம்பாயின் பழைய கோலிவாடாக்களில் ஒன்று. 1909ஆம் ஆண்டு கெசட்டியர் பெரிய கோலிவாடாக்கள் ஆறு என்று எண்ணும்போது தாராவியையும் சேர்க்கிறது. கழி தூர்ந்து மீன் குறைந்த இடத்தில் தோல் பதனிடுவோர் வந்தார்கள், குஜராத்தின் குயவர் வந்தார்கள், திருநெல்வேலிப் பக்கத்து நம் மக்கள் வந்தார்கள். சதுப்பை மண் போட்டு மேடாக்கியதில் நம்மவர் உழைப்பும் கலந்திருக்கிறது. இன்று மறுசீரமைப்பு என்ற பேச்சில் அந்தப் பேட்டை மாறிக்கொண்டிருக்கிறது. அதனால் காட்ட வேண்டியதை இப்போதே பிள்ளைகளுக்குக் காட்டிவிடுங்கள்.

காலா கில்லாவுக்குப் பக்கத்திலேயே மித்திக் கரையில் மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிய மேடு. மரம் நட்டு வளர்த்து 1994இல் பூங்காவாகத் திறந்தார்கள். உள்ளே நின்றால் தாராவி பக்கத்தில் இருப்பதே தெரியாது. கழிக்கரையில் அலையாத்தி மரங்களைப் பார்க்கலாம். பிச்சாவரம் போக முடியாத பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம்.

மாட்டுங்கா, சயான், வடாளா எல்லாம் பழைய பரேல் தீவைச் சேர்ந்தவை. 1896இல் பிளேக் வந்து, நெருக்கமான தெருக்களில் மக்கள் மடிந்தபின், 1898இல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைந்தது. அகலத் தெரு, மரநிழல், ஐந்து தோட்டம் என்று தாதர், மாட்டுங்கா பகுதியை அளந்து போட்டது அந்த டிரஸ்ட்தான். நம்மவர் அங்கே குடியேறிக் கோயில், பள்ளி, சாப்பாட்டுக் கடை, பூக்கடை என்று ஊரையே உண்டாக்கினார்கள். விருந்தாளியை அங்கே சாயங்காலம் அழைத்துப் போங்கள். பொழுது சாயுமுன் சாப்பிடும் எங்களைப் போன்றவர்கள் ஐந்தரைக்கே இலை முன் உட்கார்ந்துவிட வேண்டும்.

செம்பூர் அன்பர்கள் கோபிக்கக் கூடாது, நீங்கள் ஏழு தீவுக்கும் வெளியே இருக்கிறீர்கள்! செம்பூர் இருப்பது துர்பே என்ற தனித் தீவின் வடமேற்கு முனையில். ஆனாலும் சேடா நகர் குன்றில் முருகன் வந்து நின்றுவிட்டதால் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

ஓதத்தை அறியாமல் கடலைக் காட்டக் கூடாது

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி. தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் மெரினாவையும் இராமேசுவரத்தையும் பார்த்தவர்கள். அலைக்குப் பயப்படத் தெரியும், ஓதத்துக்குப் பயப்படத் தெரியாது. காரணம், சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். மும்பையில் பருவமழை மாதங்களில் ஏற்றம் நாலரை மீட்டரைத் தாண்டும் நாட்கள் பல உண்டு, மாநகராட்சி அவற்றை ஆண்டுதோறும் முன்கூட்டியே அறிவிக்கிறது. இங்கே கரைக்கு அப்பால் கடலடி நெடுந்தூரம் ஆழமில்லாமல் அகன்று கிடக்கிறது. வடக்கே காம்பே வளைகுடா புனல் போல் குறுகுகிறது. அந்த நெரிசலில் தண்ணீர் மேலே எழும்புகிறது. வளைகுடாவின் உட்பகுதியில் ஏற்றம் பத்து மீட்டரைத் தொடும்.

இப்போது பாண்ட்ஸ்டாண்ட் கதை. அன்று பௌர்ணமி. காலை எட்டு மணிக்குப் பாறைகள் காய்ந்து நீண்டு கிடந்தன. தங்கை, மைத்துனர், பையன், நான், நாலு பேரும் கடைசிப் பாறை வரை போய் உட்கார்ந்து சீடை தின்றோம். பத்து மணிக்குத் திரும்பினால், முன்னால் அல்ல, முதுகுக்குப் பின்னால் தண்ணீர்! நாங்கள் நடந்து வந்த பள்ளம் தொடையளவு ஓடுகிறது. "மாமா, இதான் தீவா?" என்றான் பையன். அவனுக்கு விளையாட்டு, எனக்கு உயிர் போய் வந்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு கோலிப் பெரியவர் பார்த்துவிட்டு ஓடி வந்து, பையனைத் தோளில் ஏற்றி, எங்களை ஒருவர் கையை ஒருவர் பிடிக்கச் சொல்லிக் கரை சேர்த்தார். தங்கை வழுக்கி விழுந்து முழங்காலில் ஆறு தையல்.

நன்றி சொல்லப் போன என்னை அவர் திட்டினார். "இன்னிக்குப் பௌர்ணமி. பன்னிரண்டு மணிக்குப் பர்த்தி. காலண்டர் பார்க்கத் தெரியாதா உனக்கு?" என்றார் மராட்டியில். எனக்கு வெட்கமாகிவிட்டது. அஷ்டமி, சதுர்த்தசி பார்த்து நோன்பிருக்கும் சமணக் குடும்பம் எங்களுடையது. திதி தெரியாத நாளே கிடையாது. அந்தத் திதியில் கடல் என்ன செய்யும் என்பது மட்டும் தெரியவில்லை. மீன் வாடைக்குப் பயந்து கோலிவாடாப் பக்கமே போகாத நான், அதன்பின் பல தடவை போய் அவரிடம் கணக்குக் கேட்டேன். கொல்லாமை என் விரதம், மீன் பிடிப்பது அவர் தொழில். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. திதியைப் பற்றி மட்டும் பேசினோம்.

கணக்கு இதுதான். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் மும்பையில் சுமாராகப் பகல் பன்னிரண்டுக்கும் நள்ளிரவுக்கும் ஏற்றம். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் வற்றம். அதன் பிறகு ஒவ்வொரு திதிக்கும் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், தள்ளிக்கொண்டே போகும். சமண நூல்கள் இதை ஒரு முகூர்த்தம் என்னும், நாங்கள் சாமாயிகம் இருக்கும் நேரமும் இதுவே. பஞ்சமியா? ஐந்து நாற்பத்தெட்டு 240 நிமிடம், ஆகவே நான்கு மணிக்கு ஏற்றம். தசமியா? எட்டு மணிக்கு. பதினைந்தாம் திதிக்கு 720 நிமிடம், சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. கணக்கு தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும்! சந்திரன் நாள்தோறும் ஏறத்தாழ இவ்வளவு தாமதமாக உதிப்பதுதான் காரணம்.

இன்னும் இரண்டு செய்தி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் சேர்ந்து இழுப்பதால் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. கோலிகள் இதை 'உதாண்' என்பார்கள். அஷ்டமியை ஒட்டி இரண்டும் சிறிது. மற்றொன்று, கடல் ஒரே வேகத்தில் ஏறாது. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதி ஏறிவிடும். எட்டு மணிக்குச் சாதுவாக இருந்த தண்ணீர் பத்து மணிக்கு எங்களை வளைத்ததன் இரகசியம் இதுதான். இது அறிவுக்கான சுமார்க் கணக்கு. அரை மணி, ஒரு மணி முன்பின் ஆகும். போகிற அன்று பத்திரிகையிலோ மாநகராட்சி அறிவிப்பிலோ சரியான நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கின் கொடுமையான சாட்சி 2005 ஜூலை 26. பௌர்ணமி 21ஆம் தேதி. கழிந்த ஐந்தாம் நாள் 26. ஐந்து முகூர்த்தம், பிற்பகல் நான்கு மணி. அன்று ஏறத்தாழ அந்நேரத்துக்குத்தான் சுமார் நாலரை மீட்டர் ஏற்றம் வந்தது. 24 மணி நேரத்தில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை. மேலிருந்து கொட்டிய நீரைக் கடல் வாங்கிக்கொள்ளவில்லை. மித்தி திரும்பி குர்லா, தாராவி, சயான் வீடுகளுக்குள் புகுந்தது. இடுப்பளவு தண்ணீரில் சயானிலிருந்து மாட்டுங்கா நடந்தவர்களில் நானும் ஒருவன். கிங் சர்க்கிள் காந்தி மார்க்கெட் முன்னால் ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் நிற்பதற்குப் பெரிய காரணம், தாழ்ந்த நிலத்தின் சாக்கடை வாய் ஏற்றத்தின்போது கடல் மட்டத்துக்குக் கீழே போய்விடுவதுதான். மனிதன் மண் போட்டு மூடினாலும் பழைய கழி தன் இடத்தை மறப்பதில்லை.

என் சிபாரிசு

ஒன்று: கடலோர இடங்களை நவம்பர் முதல் மார்ச் வரை காட்டுங்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. கடலையே நம்பி வாழ்கிறவர் ஒதுங்கி நிற்கும் மாதத்தில் நாம் வேடிக்கை பார்க்க இறங்குவது அறிவீனம். கோலிகள் நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் கொடுத்த பிறகே தொழிலைத் தொடங்குவார்கள், அது நம் ஆவணி அவிட்டத்தை ஒட்டிய நாள்.

இரண்டு: பாறை, ஹாஜி அலிப் பாதை இரண்டுக்கும் நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது போய், ஏறத் தொடங்குமுன் திரும்ப வேண்டும். அஷ்டமியை ஒட்டிப் போனால் நண்பகலில் வற்றம் கிடைக்கும். பிள்ளைகள் கை விடக்கூடாது.

மூன்று: சிவ்ரியில் பூநாரைகள். நவம்பர் முதல் மே வரை சேற்றில் மேயும். முழு வற்றத்தில் தூரம் போய்விடும், முழு ஏற்றத்தில் சேறு மறைந்துவிடும். ஏற்றத்துக்கு மூன்று மணி முன்னாலோ பின்னாலோ போனால் பக்கத்தில் பார்க்கலாம். 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது அங்கிருந்துதான் கடலைத் தாண்டுகிறது. இருபத்தொன்றேமுக்கால் கிலோமீட்டர் பாலத்தையும், ஒற்றைக் காலில் நிற்கும் பறவையையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

நான்கு: எலிஃபெண்டா. உண்மையில் தீவாகவே நிற்கும் தீவு. கேட்வேயிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த மும்முகச் சதாசிவத்தின் முன் எந்தச் சமயத்தாரும் பேச்சின்றி நிற்பார்கள், நானும் நின்றேன். 2024 டிசம்பர் 18 அன்று அந்த வழியில் நடந்த படகு விபத்தில் பல உயிர்கள் போயின. ஆகவே மிதவைச் சட்டை போடாமல் படகில் உட்காரக் கூடாது. "புழுக்கமா இருக்கு மாமா" என்றால் விடாதீர்கள்.

ஐந்து: ஒரு நாள் கன்னேரி. இதுவும் திங்களன்று மூடியிருக்கும். சால்செட் தீவின் காட்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள். பாறையில் நீர்த்தொட்டி வெட்டிக் கொடுத்த வணிகர்களின் பெயர்கள் கல்வெட்டில் உள்ளன. கடலோடு வந்த இலாபத்தைத் தண்ணீராகத் திருப்பிக் கொடுத்தவர்கள்.

இவ்வளவும் காட்ட அதிகம் செலவாகாது. லோக்கல் ரயில், பெஸ்ட் பஸ், ஒரு பாட்டில் தண்ணீர், தலைக்கு ஒரு துண்டு, திதி போட்ட காலண்டர், இவை போதும்.

தீவு எங்கே என்று கேட்ட பையன் இப்போது சென்னையில் இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். போன டிசம்பரில் குடும்பத்தோடு வந்தான். டிக்கெட் எடுக்குமுன் போன் செய்து, "மாமா, அந்த வாரம் என்ன திதி?" என்று கேட்டான். சயான் கோட்டை மேல் நின்று தன் பிள்ளைகளுக்கு அவனே விரல் நீட்டிக் காட்டினான், தண்ணீர் எங்கே இருந்தது, எங்கே இருக்கிறது, எந்நேரம் வரும் என்று. அந்தக் கோலிப் பெரியவர் இன்று இல்லை. அவர் சொன்ன கணக்கை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்போம்.